உள்ளூர் எழிலை உணர்வோம்

பத்தாம் வகுப்பு மாணவி

"உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. மாட்டுக்கு மட்டுமா இது பொருந்தும்? மண்ணுக்கும் மலைக்கும் கடலுக்கும் கூடப் பொருந்துகிறது. கொடைக்கானலில் பிறந்தவர் கடலைக் காண ஏங்குகிறார். கடற்கரையில் பிறந்தவரோ கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறுகிறார். தொலைவில் இருப்பதே அழகு என்று மனிதக் கண் எப்படியோ பழகிவிடுகிறது.

தூத்துக்குடியில் வாழும் நமக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும். விடுமுறைக்கு வரும் உறவினர், "உங்கள் ஊரில் பார்க்க என்னதான் இருக்கிறது? வெயில், உப்பு, மீன் வாடை, லாரி!" என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. நாமும் அவர்களைப் பனிமய மாதா பேராலயத்துக்கு அழைத்துச் சென்று, கையில் ஒரு பொட்டலம் மக்ரூன் கொடுத்து வழியனுப்பி விடுகிறோம். ஆலயமும் மக்ரூனும் நம் ஊருக்குப் பெருமையே, ஐயமில்லை. ஆனால் அவை மனிதர் கைகளால் ஆனவை. இறைவன் தம் கையால் இந்த ஊருக்கு ஒன்றுமே தரவில்லையா?

இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பில் எழுப்பியவர் புவியியல் கற்பிக்கும் அருட்சகோதரி அவர்கள். நம் மாவட்டத்துக்குள் இயற்கை அமைத்த இடங்களைப் பற்றிக் கேட்டும் படித்தும், இயன்றவற்றைக் கண்டும் வந்து எழுதவேண்டும் என்று எங்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். "'அழகாக இருந்தது' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. அது ஏன் அப்படி இருக்கிறது என்றும் எழுதவேண்டும்" என்பதே அந்த நிபந்தனை. அவ்வாறு நாங்கள் திரட்டியவற்றின் சுருக்கமே இக்கட்டுரை. காரணம் தெரியத் தெரிய அழகும் கூடுகிறது என்பதே நாங்கள் கண்ட உண்மை.

வறட்சி என்னும் வரம்

முதலில் நம் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுவோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது ஈரம் இழந்து வெறுங்காற்றாக வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழ, நம் தெருக்களில் புழுதி பறப்பது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே நம் குளங்கள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் சராசரியாகச் சுமார் 650 மில்லிமீட்டர் மழைதான் நம் மாவட்டத்துக்கு.

இயற்கை சில வேளை இந்தக் கணக்கை மீறுவதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 94 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நாம் யாரும் மறக்கமுடியாது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழையைவிட அதிகம் ஒரே நாளில் பெய்துவிட்டது!

காற்றுக்கு நம் மீனவர் பல பெயர்கள் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; மேற்கிலிருந்து வருவது கச்சான். மின்விசிறியின் காற்றுக்குப் பழகிய நமக்குக் காற்று என்பது ஒன்றே. கடலோடிக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமும் ஒரு குணமும் உண்டு. பெயர் தெரிந்தவரை நாம் தெருவில் கண்டுகொள்கிறோம் அல்லவா? காற்றும் அப்படித்தான்.

குறைந்த மழை, சுட்டெரிக்கும் வெயில், உலர்ந்த காற்று, தட்டையான களிமண் நிலம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்த இடத்தில் என்ன விளையும்? நெல் விளையாது, வாழை விளையாது. ஆனால் உப்பு விளையும்.

வெள்ளை வயல்கள்

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில் விளைவது. முத்தையாபுரம், தருவைக்குளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று எப்பக்கம் போனாலும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தெரிகின்றன. பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே நாள்தோறும் தெரிகிற காட்சிதான் இது.

உப்பு விளைவிப்பது ஒரு நுட்பமான கலை. கடல்நீரையும், ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கும் உவர்நீரையும் முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துகிறார்கள். நீரின் அடர்த்தியை 'டிகிரி' என்னும் அளவால் பார்க்கிறார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீர் மாறிச் செல்லச் செல்ல, வெயிலும் காற்றும் நீரைக் குடித்துவிட, அடர்த்தி ஏறிக்கொண்டே போகிறது. இடையில் ஜிப்சம் தனியே படிந்துவிடுகிறது. 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29 டிகிரியைத் தாண்டவிட்டாலோ கசக்கும் மக்னீசிய உப்புகளும் கூடவே சேர்ந்துவிடும். ஆகவே அதற்கு முன்பே எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். பாடநூலில் 'ஆவியாதல்' என்று ஒரே சொல்லாகப் படித்தது, நம் ஊரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தில் நடந்துகொண்டிருக்கிறது!

ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்கும் உப்புகள் மொத்தம் சுமார் 35 கிராம். அதில் நாம் உண்ணும் உப்பு ஏறத்தாழ 27 கிராம். இதை வைத்து நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கடைசிச் சொட்டுவரை வற்றினாலும் ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் கடல்நீர் வேண்டும். எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவதால் உண்மையில் நாற்பது லிட்டருக்கும் மேலாகவே தேவைப்படும். அத்தனை நீரையும் விறகின்றி, மின்சாரமின்றிக் கதிரவனே காய்ச்சித் தருகிறான். நாம் சலித்துக்கொள்ளும் வெயில் செய்யும் வேலை இது.

உப்பளத்தின் நிறங்களையும் சொல்லியாக வேண்டும். தேக்கத்தில் நீர் வானத்தின் நீலத்தைக் காட்டுகிறது. அடுத்தடுத்த பாத்திகளில் பச்சை கலக்கிறது. மிக அடர்ந்த நீரில் மெல்லிய சிவப்பு படர்கிறது. இது சாயமோ அழுக்கோ அன்று. மற்ற உயிர்கள் வாழ முடியாத உப்பு நீரில் மட்டும் செழிக்கும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் தரும் நிறம் அது. அதே பாசியை உண்டு உப்புநீரில் சிறு இறால் வகை ஒன்று வளர்கிறது. இவற்றைத் தேடி உப்பளப் பகுதிகளுக்குப் பூநாரைகள் வருகின்றன. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான்! உண்ணும் உணவிலிருந்தே அதன் இறகில் இளஞ்சிவப்பு ஏறுகிறது. ஆக, பாத்தியின் சிவப்பும் பறவையின் சிவப்பும் உறவுடையவை. நீண்ட செந்நிறக் கால்களால் பாத்தி ஓரத்தில் நடக்கும் நெடுங்கால் உள்ளானையும் எங்கள் குழுவினர் கண்டு வந்தனர்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் உப்பளத்தில் வேலை செய்கிறவர். வெள்ளை உப்புக் குவியல்கள் பனிமலை போல இருப்பதாக நாங்கள் அவரிடம் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைகளா, தூரத்திலே நின்னு பார்க்கிற உங்களுக்கு அது பனிமலை. எங்களுக்கு அது கண் கூச்சம். காலிலே ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் உப்புத் தண்ணி விடாது, எரியும்." வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியுமுன்பே எழுந்து போகிறார்கள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கென 2022 முதல் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரண உதவி வழங்கத் தொடங்கியது.

நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அவரே தொடர்ந்து, "ஆனா ஒண்ணு சொல்றேன். காத்து ஓய்ஞ்ச நேரத்திலே உப்பு முதமுதலாப் பூக்கும் பாருங்க. தண்ணி மேலே மல்லிகைப் பூ உதிர்ந்த மாதிரி மிதக்கும். எத்தனை வருசம் பார்த்தாலும் அதை ஒரு நிமிசம் நின்னு பார்க்கத்தான் தோணும்" என்றார்.

அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு ஒரு பெரிய பாடமாயிற்று. ஓர் இடத்தின் அழகைச் சொல்லும்போது அங்கே உழைப்பவரின் வருத்தத்தை மறைத்துச் சொல்லக்கூடாது. அதுபோலவே, உழைப்பவர் அழகை அறியாதவர் என்று நினைக்கவும் கூடாது. நம்மைவிட அவர்களே அதை நெருங்கிப் பார்க்கிறார்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்னும் பழமொழியில், உப்பை விளைவித்தவரையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டும்.

செம்மணல் தேரி

வெள்ளையிலிருந்து சிவப்புக்கு வருவோம். திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, குதிரைமொழி பக்கம் சென்றால் நிலமே நிறம் மாறிவிடுகிறது. செக்கச் செவேலென்ற மணல் மேடுகள் அலை அலையாக நீண்டு கிடக்கின்றன. இதைத் தேரி என்றும் தேரிக்காடு என்றும் அழைக்கிறோம். பாலைவனம் பார்க்க ராஜஸ்தானம்தான் போகவேண்டும் என்று யார் சொன்னது?

மணலின் ஒவ்வொரு துகளையும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் பொதிந்திருப்பதே இந்தச் சிவப்புக்குக் காரணம். எளிதாகச் சொன்னால் இது இரும்புத் துரு தந்த நிறம். மணலைக் குவித்தது காற்று. இன்றும் பலத்த காற்று வீசும் மாதங்களில் மேடுகளின் மேல் மணல் நகர்கிறது. நேற்று நடந்த காலடி இன்று இருப்பதில்லை. இந்தத் தேரிகளில் பழங்கால மனிதர் பயன்படுத்திய நுண்ணிய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. எழுத்தும் இரும்பும் அறியாத காலத்திலேயே இந்த மண்ணில் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள்!

தேரி வறண்டது போல் தோன்றினாலும் உள்ளே ஈரம் காப்பது. பெய்த மழையைச் செம்மணல் ஓடவிடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீர் தேரியின் ஓரங்களில் சுனையாகக் கசிகிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் தன் பெயரிலேயே ஒரு சுனையைத் தாங்கி நிற்கிறது. தேரியின் விளிம்பில் பனையும் முந்திரியும் உடைமரமும் வளர்கின்றன. பனைமரம் 1978-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். இந்த வட்டாரத்துப் பதநீரில் காய்ச்சும் உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அந்த மண்ணின் சுவை வேறு மண்ணில் வராது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஆறு முடியும் இடம்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியைப் பாபநாசத்தில் அருவியாகப் பார்க்கச் செல்கிறோம். அதே ஆறு புன்னைக்காயலில் கடலோடு கலப்பதைப் பார்க்க எத்தனை பேர் செல்கிறோம்? ஆறு அங்கே ஆரவாரம் இன்றி, கிளைகளாகப் பிரிந்து, அகன்று, அமைதியாகக் கடலில் சேர்கிறது. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் அந்த இடத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அலையை ஆற்றுவதால் அலையாத்தி! அவற்றின் வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி விரல்களைப் போல நீட்டிக்கொண்டு மூச்சு விடுகின்றன. அவ்வேர்களின் இடுக்கில்தான் மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் ஒளிந்து வளர்கின்றன.

ஆறு நிலத்தையும் படைக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல், கடலைத் தள்ளி வைத்துவிட்டது. கொற்கைக்குப் பின் காயல் துறையாயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ அத்துறையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதுவும் பழையகாயலாகித் துறை என்னும் நிலையை இழந்தது. வரலாற்று நூலில் ஊர்கள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் படிக்கிறோம். அவற்றுள் சிலவற்றை எழுப்பியதும் வீழ்த்தியதும் இந்த அமைதியான ஆற்றின் வண்டலே.

முத்து விளைந்த கடல்

நம் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். 1542-இல் புனித சவேரியார் வந்து பணியாற்றியதும் இந்த முத்துக்குளித்துறை மக்களிடையேதான். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் பாறைத் திட்டுகள் உள்ளன. அவற்றைப் 'பார்' என்பர். அங்கேதான் முத்துச்சிப்பிகள் கூட்டமாக வாழும். சிப்பிக்குள் வேண்டாத பொருள் ஏதும் புகுந்து உறுத்தினால், அதைச் சுற்றிச் சிப்பி மெல்லிய பளபளப்பான படலத்தை அடுக்கடுக்காகப் பூசுகிறது. உறுத்தலே முத்தாகிறது. விலையுயர்ந்த முத்தைக் கண்டவன் தனக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்கிய உவமையை நற்செய்தியில் கேட்கும் நாம், அந்த முத்து விளைந்த கடலோரத்திலேயே வாழ்கிறோம் என்பது எத்துணைப் பேறு!

முத்துக் குளிக்கும் காலத்துக்குச் சலாபம் என்று பெயர். கடலின் ஆழத்தைப் பாகம் என்று அளப்பார்கள். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம், ஏறத்தாழ 6 அடி. பத்துப் பாக ஆழத்துக்குக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிப் பையில் இட்டு மேலே வருவார்கள். படகில் கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பது வழக்கம் என்று சொல்வர். தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதை அவர் ஒரு கணமும் மறக்கமாட்டார் அல்லவா?

கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். அதில் படகில் இருந்த ஒருவர் எங்கள் தோழி ஒருத்தியின் பூட்டனார். கேட்டபோது அவர் சொன்னார்: "கயிறு பிடிச்சவன் கண்ணை அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பக்கூடாது. கயிறு அசைஞ்சா உசிரு மேலே வருதுன்னு அர்த்தம். அப்பத்தான் எங்களுக்கும் மூச்சு வரும்." அதற்குப்பின் அத்தகைய சலாபம் நடைபெறவில்லை. 1973-இல் நம் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் சிப்பியில் முத்தை வளர்த்தெடுப்பதில் வெற்றி கண்டனர். கடலில் இயற்கையாக முத்து வாரிய காலமோ அந்த முதியவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. இப்படிப்பட்டோர் இன்னும் சிலர் நம் தெருக்களில் இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவைப்பது நம் கடமை.

கண்ணில் படாத தோட்டம்

எல்லாவற்றிலும் பெரிய வியப்பை இறுதிக்கு வைத்தோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் கோத்த மாலை போல இருந்தன. 1986-இல் அரசு இப்பகுதியைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இங்குள்ள உயிரினங்கள் 3,600-க்கும் மேற்பட்டவை. பவள வகைகள் மட்டுமே நூற்றுக்கும் மேல்.

பவளம் கல்லா, செடியா, விலங்கா? சிறு விலங்கு என்பதே சரியான விடை. அரிசி அளவே உள்ள குழியுடலி ஒன்று கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. கோடிக்கணக்கான வீடுகள் சேர்ந்தால் பவளப்பாறை. அந்தச் சிறு உடலுக்குள் நுண்ணிய பாசி ஒன்று குடியிருக்கிறது. அது வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, தன் வீட்டுக்காரருக்கும் பகிர்ந்து தருகிறது. பவளத்தின் நிறங்கள் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரர் கொடுத்தவை! கடல்நீர் அளவுக்கு மேல் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், இல்லையேல் மடியும். நம் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இவ்வாறு பெருமளவில் பவளங்கள் வெளுத்தன.

பாறைகளுக்கு அருகே கடற்புல் வெளிகள் பரந்து கிடக்கின்றன. அங்கே மேய்வது கடற்பசு. பால் கொடுத்துக் குட்டியை வளர்க்கும் பிராணி அது. நமக்கு வடக்கே பாக் விரிகுடாவில் 2022-இல் இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது.

நம் ஊரை அடுத்துள்ள தீவுகள் நான்கு: வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலாங்குசல்லி. பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து உருவானவை இவை. பவளப்பாறை அலையை முன்னே நின்று தடுக்கும்வரை பின்னே உள்ள தீவு பிழைத்திருக்கும். ஆனால் பல ஆண்டுகள், சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் படகு படகாகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்துவிட்டார்கள். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பட்ட துயரத்தை நம் ஊர் படவில்லை. இலங்கைத் தீவு மறைப்பாக இருந்ததும், பவளப்பாறைகளும் தீவுகளும் அலையின் வேகத்தைத் தணித்ததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதன்பின் மக்களும் அவற்றின் அருமையை உணர, பவளம் வெட்டுவது நின்றது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கிவிட்டது. கீழக்கரைப் பக்கத்தில் பூவரசன்பட்டித் தீவும் மூழ்கிவிட்டது. காரைச்சல்லியின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

தோழியரே, இங்கே நாம் ஒரு கணம் நிற்கவேண்டும். தெருவில் நின்ற பழைய வேப்பமரம் ஒன்று காற்றில் சாய்ந்தால் ஊரே கூடி வருந்துகிறது. ஆனால் நம் கண்ணெதிரே இருந்த ஒரு தீவு மூழ்கிய செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயரையாவது கேட்டிருக்கிறோமா? பெயர் தெரியாத ஒன்றின் இழப்புக்கு அழ ஆள் இருப்பதில்லை. உள்ளூர் எழிலை உணர்வது பொழுதுபோக்கு அன்று என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஓர் ஊரார் தம் ஊரில் என்ன இருக்கிறது என்று அறியாவிட்டால், அது இல்லாமற் போவதையும் அறியமாட்டார்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2002 முதல் நம் ஊரில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், உடைந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்க்கும் பணியைச் செய்து வந்துள்ளனர். வான் தீவும் சுருங்கி மறையும் நிலைக்கு வந்தபோது, 2015 முதல் அதைச் சுற்றிக் கடலடியில் சிமென்ட் கட்டுமானங்கள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைக் குறைத்ததால் மணல் மீண்டும் சேர்ந்தது. மீன்களும் அவற்றில் குடியேறின. கெடுத்தது மனிதக் கை என்றால், காப்பதற்கும் மனிதக் கையே நீளவேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

தீவுகளில் நாம் இறங்க அனுமதி இல்லை, இருக்கவும் வேண்டாம். கண்ணால் காணாத ஒன்றையும் அறிந்து நேசிக்க முடியும் என்பதை நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? எங்கள் வகுப்பினர் செய்யத் தொடங்கியவற்றை மற்ற வகுப்புத் தங்கைகளுக்கும் பெற்றோருக்கும் இங்கே கூறுகிறோம்.

முதலாவது, பெயர்களை அறிவோம். ஒரு குறிப்பேட்டில் நம் தெரு மரம், வந்து போகும் பறவை, வீசும் காற்று ஆகியவற்றின் பெயரை எழுதிவைப்போம். தெரியாத பெயரைத் தாத்தா பாட்டியிடம் கேட்போம். கேட்கப்படுவதில் அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சியே தனி.

இரண்டாவது, பவளத் துண்டையோ அரிய சங்கையோ அலங்காரப் பொருளாக வாங்காமல் இருப்போம். வாங்குவார் இல்லையேல் எடுப்பாரும் இல்லை.

மூன்றாவது, பிளாஸ்டிக் பையும் அறுந்த வலையும் கடலில் சேராமல் காப்போம். கிழிந்த வலையைக் கடலிலேயே விட்டுவிட்டால், அது ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக்கொண்டே இருக்கும் என்பதை மீனவக் குடும்பத்துத் தோழியர் வீட்டில் எடுத்துச் சொல்லலாம்.

நான்காவது, மழை தொடங்கும் முன் பனங்கொட்டைகளைக் குளக்கரையில் ஊன்றுவோம். பனை வளர நெடுங்காலம் ஆகும். நாம் ஊன்றியதன் நுங்கை நம் பிள்ளைகள் உண்ணட்டுமே!

ஐந்தாவது, வெளியூர் உறவினர் வந்தால் பேராலயத்தில் வணங்கிய பின், மாலையில் உப்பளப் பக்கம் அழைத்துச் செல்வோம். 25 டிகிரியில் உப்பு பூப்பதையும், பூநாரைக்கு நிறம் வந்த கதையையும், அங்கே உழைப்பவர்களின் பாட்டையும் சேர்த்துச் சொல்வோம்.

அழகு என்பது பச்சை மலையிலும் பனி மூட்டத்திலும் மட்டும் இல்லை. வறண்ட காற்றுக்கு ஒரு பயன் உண்டு. சிவந்த மணலுக்குள் நீர் உண்டு. வெளுத்த பாத்தியில் உயிர் உண்டு. கலங்கிய கடலுக்கு அடியில் பல வண்ணத் தோட்டம் உண்டு. இவற்றை எல்லாம் படைத்த இறைவன், இவற்றின் காவலையும் இங்கே வாழும் நம் கையிலேயே கொடுத்திருக்கிறார். எஞ்சியுள்ள தீவுகளையாவது நம் தங்கையர் பாடநூலில் அன்றி, கடலிலேயே காணும்படி காத்து நிற்போமாக!